டிசைன் நல்லாத்தான் இருந்துச்சு

ஹாஸ்டலில் எனக்குப் பேர் ஆல்ஃபா. ஃபர்ஸ்ட் இயரில் லேப்டாப் வால்பேப்பராக ஒரு சிவப்பு ஆல்ஃபா ரோமியோ ஜூலியாவை வைத்தேன், அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. லேப்டாப் ஹேங் ஆனால் ரூம்மேட் சொல்வான்: "மொதல்ல அந்த வால்பேப்பரை மாத்துடா, தானா சரியாயிடும்." மெஸ்ஸில் யார் தட்டிலிருந்தாவது ரசம் ஒழுகினால் "ஆல்ஃபாவுக்கு ஆயில் லீக்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். கார் வீடியோ பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்த ஜோக்தான். ஆல்ஃபா அழகா இருக்கும், ஆனா வழியில நின்னுடும்.

நான் விடமாட்டேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டீக்கடை வாசலில் நின்று இதுக்காக வாதாடியிருக்கிறேன். இத்தனைக்கும் ஒரு ஆல்ஃபாவை நேரில் பார்த்ததே இல்லை. ஏழாவது படிக்கும்போது ஒரு ரேஸிங் கேமில் ஓட்டினேன், எங்களுக்குள் உறவு அவ்வளவுதான். தொட்டுக்கூடப் பார்க்காத காருக்கு நாலு வருஷம் ஃபீஸ் வாங்காத வக்கீல்.

இந்த ஜனவரியில் அந்த வேலையை விட்டுட்டேன். அதுக்குக் காரணம் ஆல்ஃபா இல்லை, எங்க ஃபார்முலா ஸ்டூடன்ட் டீம் கட்டின காருக்குள் இருந்த ரெண்டு இன்ச் ஒயர். அந்தக் கதைக்கு வருகிறேன். ஆனால் ஆல்ஃபா கேஸை முதலில் சொன்னால்தான் ஒயர் கதை புரியும்.

ஆல்ஃபா 1910-ல் மிலான் நகரத்தில் ஆரம்பித்த கம்பெனி. லோகோவில் ஒரு பாதி மிலானின் சிவப்புச் சிலுவை. இன்னொரு பாதியில் ஒரு பாம்பு, அதன் வாயில் ஒரு மனுஷன். மிலானை ஆண்ட விஸ்கோன்ட்டி குடும்பத்தோட சின்னம் அது. கஸ்டமரை விழுங்குவதை லோகோவிலேயே ஒத்துக்கொண்ட நேர்மையான கம்பெனி என்பது என் ரூம்மேட்டின் விளக்கம். 1950-ல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப் ஆரம்பித்தபோது முதல் பட்டம் ஆல்ஃபா ஓட்டின ஃபரினாவுக்கு, அடுத்த வருஷப் பட்டம் ஆல்ஃபா ஓட்டின ஃபாங்கியோவுக்கு. என்ஸோ ஃபெராரி தன் பெயரில் கார் கட்டுவதற்கு முன்னாடி ஆல்ஃபாவின் ரேஸ் கார்களைத்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் பந்தாவுக்கு. நான் வாதாடும்போது எடுக்கிற பாயிண்ட் வேற ரெண்டு.

ஒண்ணு, 1954-ல் ஜூலியெட்டாவில் வந்த 1.3 லிட்டர் என்ஜின். பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம், மேலே ரெண்டு கேம்ஷாஃப்ட், அதைச் சுற்ற செயின். அந்தக் காலத்துக் குடும்பக் காரில் இதெல்லாம் லேசில் கிடைக்காது. அந்த என்ஜினோட அடிப்படை டிசைன், சைஸ் மட்டும் மாறி மாறி, தொண்ணூறுகள் வரைக்கும் தயாரிப்பில் இருந்தது. மோசமான என்ஜினை நாற்பது வருஷம் யாரும் செய்யமாட்டார்கள்.

ரெண்டாவது, போலீஸ். இத்தாலியில் போலீஸும் கராபினியேரியும் ஐம்பதுகளில் இருந்து தலைமுறை தலைமுறையாக ஆல்ஃபாதான் ஓட்டினார்கள். திருடனைத் துரத்துகிற வண்டி நடுவழியில் நின்றால் அடுத்த டெண்டர் கிடைக்குமா?

அப்புறம் எங்கிருந்து வந்தது இந்தக் கெட்ட பெயர்? பதில் பெரும்பாலும் ஒரே கார்தான். ஆல்ஃபாசுட்.

'சுட்' என்றால் இத்தாலிய மொழியில் தெற்கு. அப்போது ஆல்ஃபா அரசாங்கக் கம்பெனி. 1933-லிருந்தே ஐ.ஆர்.ஐ என்கிற அரசு நிறுவனத்தின் கையில். தெற்கு இத்தாலியில் வேலை இல்லை, ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மிலானுக்கும் டூரினுக்கும் ரயில் ஏறிக்கொண்டிருந்த காலம். தெற்கிலேயே ஒரு தொழிற்சாலை வைக்கலாம் என்று அரசாங்கம் முடிவு பண்ணி, நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் பொமிலியானோ தார்கோ என்கிற ஊரில் 1968-ல் வேலையை ஆரம்பித்தார்கள். காரை டிசைன் பண்ண ருடால்ஃப் ஹ்ருஷ்கா என்ற ஆஸ்திரிய என்ஜினியர். வெளி வடிவம் ஜியுஜாரோ. 1971 டூரின் மோட்டார் ஷோவில் காட்டினார்கள், அடுத்த வருஷம் விற்பனை.

மெக்கானிக்கல் பசங்க இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். நாலு சிலிண்டர் பாக்ஸர் என்ஜின், அதாவது சிலிண்டர்கள் நிற்காமல் ரெண்டு பக்கமும் படுத்திருக்கும். அதனால் சென்டர் ஆஃப் கிராவிட்டி கீழே, பானெட்டும் தாழ்வு. முன் சக்கரத்தில் டிரைவ். முன் பிரேக் டிஸ்க்கை சக்கரத்தில் வைக்காமல் உள்ளே தள்ளி, கியர்பாக்ஸ் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அதனால் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கிற எடை குறைவு, ரோட்டில் பிடிப்பு அதிகம். ஓட்டிப் பார்த்த பத்திரிகைக்காரர்கள் உருகி உருகி எழுதினார்கள். சின்னக் காரில் இதற்கு முன் இப்படி ஒரு ஹேண்ட்லிங் இல்லை என்று.

அந்தக் கார் துருப்பிடித்தது. சும்மா இல்லை. வாங்கி ரெண்டு மூணு வருஷத்தில் சக்கர ஆர்ச், கதவின் அடி, கண்ணாடி ஓரம் எல்லாம் ஓட்டை. குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு தூவுகிற பிரிட்டன் மாதிரி ஊர்களில் இன்னும் மோசம். பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த வீட்டின் ஜன்னல் கம்பியைப் பார்த்தவர்களுக்கு உப்பு என்ன செய்யும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ஏன் துருப்பிடித்தது? இதற்கு இன்றைக்கும் சுற்றுகிற ஒரு கதை உண்டு. சோவியத் ஸ்டீல். இத்தாலிக்காரர்கள் ரஷ்யாவில் கார் ஃபேக்டரி கட்டிக் கொடுத்தார்கள், ரஷ்யர்கள் பணத்துக்குப் பதில் மட்டமான ஸ்டீல் கொடுத்தார்கள், அந்த ஸ்டீலில் ஆல்ஃபா செய்தார்கள். கேட்க நல்லா இருக்கும். நானே இருபது தடவை சொல்லியிருப்பேன். "டிசைன் சூப்பர்டா, மெட்டீரியல்தான் ரஷ்யாக்காரன் ஏமாத்திட்டான்."

தேதியைப் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது. 1966-ல் சோவியத்தோடு தோல்யாட்டி ஃபேக்டரிக்கு ஒப்பந்தம் போட்டது ஃபியட். ஆல்ஃபா அப்போது ஃபியட்டுக்குப் போட்டிக் கம்பெனி. ஃபியட் கைக்கு அது வந்தது 1986-ல்தான். ஒருத்தனுக்கு வரவேண்டிய பாக்கியைப் போட்டிக்காரன் ஏன் ஸ்டீலாக வாங்கிக்கொள்ளப் போகிறான்? தவிர, அரசு ஸ்டீல் ஆலையே தெற்கு இத்தாலியில் தாரந்தோவில் இருந்தது.

ரஷ்யாவுக்குப் போகாமலே காரணம் கிடைக்கும். அந்தக் காலத்தில் பாடியைத் துருவிலிருந்து காப்பாற்றச் செய்த வேலை ரொம்பக் குறைவு. வேலைநிறுத்தம் அடிக்கடி. லைன் நடுவில் நின்றால் பெயின்ட் முழுசாக ஏறாத பாடிகள் அப்படியே காத்துக் கிடக்கும். எல்லாத்தையும் விட எனக்கு வயிற்றைக் கலக்குகிற விஷயம் ஃபோம். பாடியின் உள்கூடான பகுதிகளில் சத்தம் குறையட்டும் என்று ஃபோமை அடைத்தார்கள். யோசனை தப்பில்லை. ஆனால் அந்த ஃபோம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டது. ஸ்டீல் பெட்டிக்குள் ஈரமான ஸ்பாஞ்சைத் திணித்து மூடினால் என்ன ஆகும்? வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே தெரியும்போது வேலை முடிந்திருக்கும்.

வடக்கு இத்தாலிக்காரர்கள் இன்னொரு காரணமும் சொன்னார்கள். தெற்கத்தி ஆட்களுக்கு வேலை செய்யத் தெரியாது, சோம்பேறிகள், நேற்றுவரை வயலில் நின்றவனை அசெம்ப்ளி லைனில் நிறுத்தினால் இப்படித்தான். லீவு போடுகிறவர்கள் அதிகமாக இருந்தது உண்மை. ஆனால் ஃபோம் அடைக்கச் சொன்னது லைனில் நின்றவர் இல்லை. அதே பொமிலியானோவில்தான் பின்னாடி ஃபியட் பாண்டாவைச் செய்தார்கள், இன்றைக்கு ஆல்ஃபாவின் டொனாலேயும் அங்கேதான் தயாராகிறது. ஊர் அதேதான்.

துருவோடு துருவாக ஆல்ஃபாசுட் கிட்டத்தட்ட ஒன்பது லட்சம் விற்றது. அங்கேதான் சிக்கலே. யாரும் வாங்காத கார் கெட்டுப்போனால் யாருக்கும் தெரியாது. ஒன்பது லட்சம் பேர் வீட்டு வாசலில் துரு கொட்டினால் அது பழமொழி ஆகிவிடும்.

அடுத்து வந்த ஆர்னாவை ஒரே பாராவில் முடிக்கிறேன், ஏன்னா அதுக்கு மேல மனசு தாங்காது. 1983-ல் நிஸானோடு கூட்டு. ஜப்பான்காரனிடம் நம்பகம், இத்தாலிக்காரனிடம் அழகு, ரெண்டையும் சேர்த்தால் உலகத்தை ஜெயிக்கலாம் இல்லையா? அவர்கள் சேர்த்தது தலைகீழாக. பார்க்கச் சுமாரான நிஸான் செர்ரியின் பாடியை ஜப்பானிலிருந்து வரவழைத்து, அதற்குள் ஆல்ஃபாசுட்டின் என்ஜினை இத்தாலியில் பொருத்தினார்கள். நாலு வருஷத்தில் மூடியாச்சு. இதற்கு நான் எந்தக் கோர்ட்டிலும் ஆஜராகத் தயார் இல்லை.

1986-ல் ஃபியட் வாங்கியபிறகு துரு விஷயம் நிஜமாகவே மாறியது. 1987-ல் வந்த 164-ல் கால்வனைஸ்டு ஸ்டீலை நிறையப் பயன்படுத்தினார்கள். ஸ்டீலுக்கு மேலே ஸிங்க் பூச்சு. அரிப்பு வந்தால் ஸிங்க் முதலில் தன்னைக் கொடுத்து ஸ்டீலைக் காப்பாற்றும். ஆனால் ஜோக் மட்டும் மாறவில்லை. 'துரு'வை எடுத்துவிட்டு 'எலக்ட்ரிக்கல்' என்று போட்டுக்கொண்டு அது பாட்டுக்கு ஓடியது.

என் ஃபேவரிட் 156. 1998-ன் ஐரோப்பிய கார் ஆஃப் தி இயர். பின் கதவின் கைப்பிடியைக் கண்ணாடி ஓரத்தில் ஒளித்து வைத்து, நாலு கதவு காரை ரெண்டு கதவு கூபே மாதிரி காட்டியிருப்பார் வால்டர் டி சில்வா. முன்னாடி நம்பர் பிளேட் நடுவில் இருக்காது, கிரில்லுக்கு வழிவிட்டு ஒரு ஓரமாக ஒதுங்கி நிற்கும். இதைப் பற்றி அப்பாவிடம் ஒருநாள் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா கார் ரசிகர் இல்லை. கார் என்றால் அவருக்கு இ.எம்.ஐ.

அதன் ட்வின் ஸ்பார்க் என்ஜினில் பழைய செயின் போய் டைமிங் பெல்ட் வந்திருந்தது. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே காலி. பிரிட்டனில் அந்த பெல்ட்டை 72,000 மைலுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று முதலில் சொல்லியிருந்தார்கள். அதற்கு ரொம்ப முன்னாடியே பெல்ட்டுகள் போக ஆரம்பித்தன. அப்புறம் அதைப் பாதியாக்கி 36,000 மைல் என்றார்கள்.

"சோ, என்ஜின் மேல தப்பே இல்லப்பா. புக்ல போட்ட நம்பர்தான் தப்பு," என்றேன்.

"அந்த நம்பரை மாத்தினது மொதல்ல வாங்கினவனுக்குத் தெரியுமா?"

"டீலர் சொல்லியிருப்பாங்க."

"அவன்கிட்ட இருந்து செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவனுக்கு?"

நான் ஏதோ சமாளித்தேன். அப்பா விடவில்லை. "சர்வீஸ் சென்டர் எவ்ளோ தூரம்? ஸ்பேர் எத்தனை நாள்ல வரும்? மெக்கானிக்குக்கு அந்த வண்டி தெரியுமா?" இத்தனை வருஷம் ரிலையபிலிட்டி என்றால் நான் யோசித்தது பார்ட்ஸைப் பற்றி. அப்பா யோசித்தது மெக்கானிக்கைப் பற்றி. யோசித்துப் பார்த்தால் 156-ன் பாதிப் பிரச்சினை அங்கேதான். புதுசாக இருந்தபோது வேகமாக விலை இறங்கியது, இறங்கின விலைக்கு வாங்கினவர்கள் சர்வீஸைத் தள்ளிப்போட்டார்கள், தள்ளிப்போட்டதில் பெல்ட் அறுந்தது, அறுந்ததால் பெயர் கெட்டது, பெயர் கெட்டதால் விலை இன்னும் இறங்கியது. டொனாலேயை 2022-ல் அறிமுகப்படுத்தினபோது ஒவ்வொரு காருக்கும் ஒரு என்.எஃப்.டி, அதில் அந்தக் காரின் சர்வீஸ் விவரங்கள் பதிவாகும் என்று ஆல்ஃபா அறிவித்தது. என்.எஃப்.டி என்றதும் எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அப்பாவோடு பேசினபிறகு பார்த்தால், செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவனின் பயத்தைக் கம்பெனியே ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

இன்றைய ஜூலியாவுக்கு வருவோம், என் வால்பேப்பர். 2015-ல் காட்டினார்கள். குவாட்ரிஃபோலியோ மாடலில் 2.9 லிட்டர் வி6, 510 குதிரைசக்தி. அமெரிக்காவில் மோட்டார் ட்ரெண்ட் பத்திரிகை 2018-ன் சிறந்த கார் என்றது. அதே அமெரிக்காவில் ஆரம்பத்தில் பத்திரிகைகளுக்கு டெஸ்ட்டுக்குக் கொடுத்த கார்கள் சில, வார்னிங் லைட் எரிந்து நின்றன. ஜோக்குக்கு மறுபடி உயிர்.

போன வருஷம் டீக்கடை விவாதத்தில் நான் கடைசியாக எடுத்த ஆயுதம் 2023-ன் ஜே.டி. பவர் சர்வே. புதுக் கார்களின் தரத்தில் டாட்ஜ், ராம், அதற்கடுத்து மூணாவது ஆல்ஃபா. நூறு காருக்கு 143 பிரச்சினை. எல்லாக் கம்பெனியும் சேர்த்த சராசரி 192. மொபைலில் காட்டினேன். ஒரு நிமிஷம் எல்லாரும் அமைதி. எங்க டீம் கேப்டன்தான் அதை வாங்கிக் கீழே வரை படித்தான்.

"இது எத்தனை நாள் டேட்டாடா?"

"தொண்ணூறு."

"வருஷமா?"

"நாள்."

சிரிப்பு அடங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஆனால் அவன் கேட்டது நியாயம்தான். தேர்ட் இயரில் படித்த பாத் டப் கர்வ் ஞாபகம் இருக்கா? ஆரம்பத்தில் ஃபெயிலியர் அதிகம், நடுவில் தட்டை, கடைசியில் தேய்மானத்தால் மறுபடி ஏறும். தொண்ணூறு நாள் சர்வே அந்தத் தொட்டியின் இடது ஓரத்தை மட்டும்தான் காட்டும். ஃபேக்டரியில் ஸ்க்ரூ சரியாக முடுக்கினார்களா, ப்ளூடூத் கனெக்ட் ஆகிறதா என்று சொல்லும். பத்தாவது வருஷம் பற்றி ஒண்ணும் சொல்லாது. ஆல்ஃபாசுட்டைக்கூட முதல் தொண்ணூறு நாளில் கேட்டிருந்தால் பளபளப்பாகத்தான் இருந்திருக்கும். போதாததுக்கு அமெரிக்காவில் ஆல்ஃபா விற்பதே கொஞ்சம்தான். சாம்பிள் சின்னதாக இருந்தால் ரேங்க் வருஷத்துக்கு வருஷம் தாவும். அந்த 143-ஐ நான் நம்பக் காரணம் அது எனக்குப் பிடித்த நம்பர் என்பதுதான். 211 என்று வந்திருந்தால் சாம்பிள் சைஸ் பற்றி நானே லெக்சர் எடுத்திருப்பேன்.

இப்போது எங்க கார்.

ஃபார்முலா ஸ்டூடன்ட் தெரியாதவர்களுக்கு: மாணவர்களே ஒரு சின்ன ரேஸ் கார் கட்டவேண்டும், பைக் என்ஜின் போட்டு. டிசைனுக்கு ஜட்ஜுகள் வந்து கேள்வி கேட்பார்கள். ஓட்டத்துக்குத் தனி மார்க். எல்லாத்திலும் பெரிய மார்க் எண்டியூரன்ஸுக்கு, 22 கிலோமீட்டர் நிற்காமல் ஓடவேண்டும், நடுவில் டிரைவர் மாறணும். நான் எலக்ட்ரிக்கல் ஹெட். காரில் இருக்கிற ஒவ்வொரு ஒயரும் என் கையில் போனது.

போட்டிக்கு மூணு நாள் முன்னாடி இசியூவை இடம் மாற்றினோம். கிராங்க் பொசிஷன் சென்சாரிலிருந்து வருகிற ஒயர் ரெண்டு இன்ச் பத்தவில்லை. நீட்டணும். கிரிம்ப் பண்ணுகிற ஸ்ப்ளைஸ் தீர்ந்துபோச்சு. ராத்திரி ரெண்டு மணி, கடை எங்கே இருக்கும்? சோல்டர் பண்ணி, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடினேன். பக்கத்தில் ஃப்ரேமோடு சேர்த்து ஒரு டை போட்டிருக்கணும், போடவில்லை. போட்டிக்கு முன்னாடி மாத்திக்கலாம் என்று நினைத்தேன். மாத்தவில்லை.

சோல்டர் ஒயர் ஏன் ஆகாது என்று ஜூனியர்களுக்காகச் சொல்கிறேன். பல இழை ஒயரில் உருகின ஈயம் இழைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் ஊறிப் போகும். ஊறின இடம் வரைக்கும் ஒயர் கம்பி மாதிரி விறைப்பு, அதற்கு அடுத்து மெத்து. விறைப்பும் மெத்தும் சேருகிற அந்தக் கோட்டில்தான் ஆட்டம் முழுக்க இறங்கும். சிங்கிள் சிலிண்டர் என்ஜின் பக்கத்தில் அது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை ஆட்டம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டிசைன் ரவுண்டில் ஒரு ஜட்ஜ் குனிந்து ஹார்னஸைப் பார்த்தார். "எல்லாம் கிரிம்ப்தானே?" என்றார். "ஆமா சார், ஃபுல்லா கிரிம்ப்," என்றேன். "குட்" என்று எழுதிக்கொண்டார். டிசைனில் எங்களுக்கு நல்ல மார்க்.

எண்டியூரன்ஸில் ஒன்பதாவது லேப்பில் கார் ஒரு செருமல் செருமி நின்றது. கிராங்க் சிக்னல் போனால் இசியூவுக்கு என்ஜின் எங்கே சுற்றுகிறது என்றே தெரியாது, ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோலும் இல்லை. டிரைவர் ஸ்டார்ட்டரை அமுக்கிக்கொண்டே இருந்தான். அந்தச் சத்தம் எங்கள் பக்கம் வரைக்கும் கேட்டது. மார்ஷல் கொடி காட்டினார். நாலு வருஷம் முடிந்தது. எங்க பேட்ச்சுக்கு அடுத்த வருஷம் கிடையாது.

கேப்டன் யாரையும் திட்டவில்லை. ட்ராக்கிலிருந்து தள்ளிக்கொண்டு வந்ததும் லேப்டாப்பை மாட்டினோம், கிராங்க் சிக்னல் இல்லை என்று காட்டியது. "சென்சார் போச்சு" என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று நிஜமாகவே ஞாபகமில்லை, நானாகக்கூட இருக்கலாம். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆயிரத்து இருநூறு ரூபா சென்சார், என்ன பண்றது, நம்ம நேரம்.

காலேஜ் திரும்பி ஒரு வாரம் கழித்து ஹார்னஸைப் பிரித்தேன். ஒர்க்‌ஷாப் அண்ணன் மட்டும் பக்கத்தில் இருந்தார். அந்த ஸ்லீவ் வெளியே பார்க்கப் புதுசு மாதிரி. லேசாக இழுத்தேன், ஒயர் கையோடு வந்தது. சோல்டர் முடிகிற கோட்டில் கத்தியால் வெட்டின மாதிரி எல்லா இழையும் ஒடிந்திருந்தது. சென்சாரை பெஞ்ச்சில் வைத்து செக் பண்ணினேன். அருமையாக வேலை செய்தது.

"மத்தபடி டிசைன் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணா," என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவர் ஒயரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரிப்போர்ட்ல எழுதிரு தம்பி," என்று மட்டும் சொன்னார்.

எழுதவில்லை. ஜூனியர் டீமுக்காக நாங்கள் விட்டுப்போகிற ஃபெயிலியர் ரிப்போர்ட்டில், எண்டியூரன்ஸ் என்ற தலைப்புக்குக் கீழே இருந்தது ஒரே வரி: கிராங்க் சென்சார் ஃபெயிலியர், வேறு கம்பெனி சென்சார் வாங்கவும்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் மறுபடி ஆல்ஃபாசுட் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். சோவியத் ஸ்டீல் கதை வருகிற இடத்தில் நிறுத்திவிட்டேன். அந்தக் கதையை யார் முதலில் சொல்லியிருப்பார்கள் என்று இதுவரை நான் யோசித்ததில்லை. ஆல்ஃபாவைத் திட்டுகிறவனுக்கு அந்தக் கதை தேவையே இல்லை, அவனுக்குத் துரு போதும். அந்தக் கதை தேவைப்படுவது ஆல்ஃபாவை நேசிக்கிறவனுக்கு. வெளியிலிருந்து வாங்கின பொருள் மேல் போட்டுவிட்டால் டிசைன் தப்பித்துவிடும், ஹ்ருஷ்கா தப்பித்துவிடுவார், டீக்கடையில் நானும் தப்பித்துவிடுவேன்.

அதனால் என் தீர்ப்பு இப்போது இது. கெட்ட பெயர் ஆல்ஃபாவுக்குத் தகும். 1972-லிருந்து எண்பதுகளின் நடு வரை முழுசாகத் தகும். 156 காலத்தில் பாதி தகும், அந்தப் பாதியில் பெல்ட் இருக்கிறது, மாற்றாதவர்களும் இருக்கிறார்கள். இன்றைய காருக்கு, அவர்கள் பத்துப் பதினஞ்சு வருஷம் ஒழுங்காக ஓடிக் காட்டும்வரை பழைய கடன் பாக்கிதான். அநியாயம்னு தோணலாம். ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவன் டிசைனை வாங்கவில்லை. ஃபோம், பெயின்ட், பெல்ட், புக்கில் போட்ட நம்பர், மெக்கானிக் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வாங்குகிறான். ஒவ்வொரு பார்ட்டும் 99.9 சதவீதம் நம்பகமானது, ஒண்ணு போனாலும் வண்டி நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி நூறு பார்ட் இருந்தால் வண்டி ஓட வாய்ப்பு 90 சதவீதம்தான். பெருக்கிப் பாருங்கள். அந்த நூறில் எத்தனை அழகாக இருக்கிறது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

சொந்தமாக வாங்குவேனா என்று ரூம்மேட் கேட்டான். வாங்குவேன். முதல் வேலையாக பெல்ட்டை மாத்துவேன்.

போன வாரம் ரிப்போர்ட்டைத் திருத்தி க்ரூப்பில் போட்டேன். சோல்டர் பற்றி, ஜட்ஜிடம் சொன்ன பொய் பற்றி, எல்லாம். கேப்டன் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் அனுப்பவில்லை. அப்புறம் "சரிடா" என்று மட்டும் வந்தது. அது என்ன 'சரி' என்று இன்னும் தெரியவில்லை, நேரில் பார்க்கும்போது ரெண்டு பேரும் மெஸ் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறோம்.

ஜூனியர் எலக்ட்ரிக்கல் ஹெட் ஃபோன் பண்ணினான். "அண்ணா, ரிப்போர்ட் பாத்துட்டு ஏற்கனவே வேற சென்சார் வாங்கிட்டோம். ரூ. 6,700. பாக்ஸ் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் எடுக்கமாட்டான்."

"சாரிடா. இருக்கட்டும், மாட்டிருங்க. ஒயரிங் எந்த அளவுல இருக்கு?"

"முடிஞ்சிருச்சுண்ணா. உங்க பழைய ஹார்னஸை வச்சு அப்படியே எடுத்தோம்."

ஒரு ஃபோட்டோ அனுப்பச் சொன்னேன். வந்தது. சுத்தமான வேலை, லேபிள் எல்லாம் ஒட்டி. இசியூவிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, கிராங்க் சென்சார் ஒயரில், ரெண்டு இன்ச் நீளத்துக்குக் கருப்பு ஸ்லீவ்.

"அது உள்ள என்னடா?"

"நீங்க பண்ண மாதிரியே சோல்டர்தாண்ணா."

நாளைக்குக் காலையில் கிரிம்பிங் டூலை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறேன்.